கை போகிற அகலம்

குளியலறையைச் சக்கர நாற்காலி போகிற மாதிரி மாற்ற வேண்டும் என்றதுமே காண்ட்ராக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் போட்ட அதே டைல்ஸ், அதே சிமெண்ட், அதே ஆட்கள். இங்கே மட்டும் விலை இரண்டு மடங்கு. கேட்டால், "இது ஸ்பெஷல் வேலைங்க" என்றார். சுவரில் பிடித்துக்கொள்ளும் கம்பிகூட ஆனை விலை, குதிரை விலை. நடக்க முடியாதவள் வேறு எந்த ஆளைத் தேடி ஓடிவிடப் போகிறாள் என்கிற தைரியம்தான், வேறென்ன.

பணம் அவளுடையது, விபத்துக்கு வந்த நஷ்டஈடு. கொடுக்க அவள் முனகவில்லை. இத்தனை மாதமும் கணவர்தான் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்து, திறந்த கதவருகே காவல் நிற்கிறார். தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேலை முடிந்து எல்லாம் பளபளவென்று இருந்தது. சக்கரங்களைப் பிடித்து உருட்டிக்கொண்டு போனாள். நாற்காலி வாசலில் நுழைந்தது, கைகள் நுழையவில்லை. இரண்டு பக்கமும் நிலையில் உரசி விரல் முட்டித் தோல் வழண்டது. காலி நாற்காலியை அளந்திருக்கிறார்கள், மகானுபாவர்கள். அளந்தபோது அவள் பக்கத்து அறையில்தான் கிடந்தாள். கூப்பிட்டுக் கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

"மறுபடி உடைச்சா அது தனிச் செலவுங்க" என்றார் காண்ட்ராக்டர், கொஞ்சமும் கூசாமல்.

"பின்னாலேர்ந்து யாராவது தள்ளிவிட்டா கை உரசாதே அண்ணி" என்றான் கொழுந்தன், பெரிய கண்டுபிடிப்பு போல.

கணவரும் தலையாட்டினார். "நான் இல்லையா, தள்ளிவிட மாட்டேனா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க தள்ளிவிடுறதுக்கா இவ்வளவு காசைக் கொட்டினேன்?" கட்டிலில் இறக்கிவிடச் சொல்லிவிட்டுக் காண்ட்ராக்டரைப் பார்த்தாள். "நீங்களே இதுல உக்காந்து, கையால உருட்டி உள்ள போய்க் கதவைச் சாத்திக் காட்டுங்க. பாக்கிப் பணத்தை இப்பவே தர்றேன்."

அவர் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க யாருமில்லை. உட்கார்ந்தார், உருட்டினார், "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொண்டு எழுந்தார். இந்த ஆளால் எழுந்துவிட முடிகிறதே என்று அவளுக்கு அந்த ஆத்திரம் வேறு.

கூடுதலாக ஒரு காசு வாங்காமல் அந்த வாரமே நிலையைப் பெயர்த்து அகலப்படுத்திக் கொடுத்தார். அவள் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனாள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"எல்லாம் சரியா இருக்கா?" வெளியே கணவரின் குரல்.

"கதவுகிட்ட நிக்காதீங்க" என்றாள். "போங்க."