யாரது என்று கேட்டுவிட்டுத்தான்

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். கறுப்பு ஏ.ஆர். ரைஃபிள். ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதால் நம் வீட்டிலும் இருந்தாக வேண்டும். இதற்குத் துப்பாக்கிக் கடையில் ஓர் ஆள் எதற்கு, குளிர்பான இயந்திரம் மாதிரி ஒன்றை வைத்துவிடலாமே என்று எனக்கு எரிச்சல் வராத வாரம் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆர்வில் டெஸ்கியும் அதையேதான் கேட்டான். நானும் அவனும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள். அறுபத்தெட்டு வயதானாலும் எனக்கு அவன் ‘அவன்’தான்.

“உனக்கா?”

“நீவாவுக்கு.”

நீவா அவன் மனைவி. எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போய் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். ஆர்வில்லின் சிறுநீரகமும் கெட்டுவிட்டது. திங்கள், புதன், வெள்ளி அறுபது மைல் ஓட்டிப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு சாயங்காலம்தான் திரும்புவான். அதுவரை பண்ணை வீட்டில் அவள் தனியாக இருப்பாள். போன மாதம் ஒரு புதன்கிழமை பட்டப்பகலில் எவனோ வந்து கொட்டகையிலிருந்த செம்புக் கம்பியையெல்லாம் உருவிக்கொண்டு போய்விட்டான். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆர்வில் திரும்பி வந்து ஷெரிஃபுக்குச் சொல்லி, போலீஸ் வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆயிற்று.

“வீட்ட விட்டுக் கெளம்புறப்போ அவ மொகத்தப் பாக்க முடியல மார்லிஸ்,” என்றான்.

“கூடவே கூட்டிட்டுப் போயேன்.”

“அங்கயா? வேணாம்.” சட்டென்று கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பேசாம அந்தக் கறுப்பக் குடுத்து அனுப்பு,” என்றான் கேரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் கடையின் ஓசிக் காபியில் உயிர் வாழ்கிறவன்.

“நீ காபியக் குடி. ஆர்வில், வியாழக்கிழம அவளக் கூட்டிட்டு வா. யார் தூக்கப்போறாங்களோ அவங்க தூக்கிப் பாக்காம நான் விக்கிறதில்ல. செருப்பே கால்ல போட்டுப் பாத்துத்தான வாங்குறோம்?”

வியாழக்கிழமை நீவா தலைவாரி, உதட்டுச்சாயம் பூசி வந்தாள். எனக்கு அவளைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். மேசை மேல் நான்கை எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே பார்த்து, குண்டில்லை என்று சுண்டுவிரலை விட்டுத் தடவிய பிறகே கொடுத்தேன். கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

கறுப்பு ரைஃபிளை அவள் ஒற்றைக் கையில் தூக்க, மூன்று எண்ணுவதற்குள் குழல் கவிழ்ந்து மடியில் விழுந்தது. அடுத்தது கார்பைன் என்கிற அந்தக் காலத்து ராணுவக் குட்டை ரைஃபிள். லேசாக, அழகாக இருக்கும். ஆனால் குண்டேற்ற இழுக்கும் பிடி வலப்பக்கம். மூன்றாவது, நெம்புகோலைத் தள்ளி இழுக்கும் ரகம், அதற்கு இரண்டு கை வேண்டும்.

“சினிமால குதிர மேல ஒக்காந்துக்கிட்டு ஒத்தக் கையாலயே சொழட்டுறாங்களே,” என்றான் கேரி.

நீவா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பேச்சு போனாலும் அந்தப் பார்வை போகவில்லை. கேரி காபியைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

நான்காவது, கைத்துப்பாக்கிக் குண்டு போடும் சின்ன கார்பைன். சுட்டால் தோளை உதைக்காது, வீட்டுக் கதவு நிலையில் இடிக்காது. அதை யாரும் தேடி வந்து கேட்பதில்லை. பிடியை எந்தப் பக்கமும் மாற்றிக்கொள்ளலாம்; நான் முந்தின நாளே இடப்பக்கம் மாற்றி வைத்திருந்தேன். நீவா துப்பாக்கிக் கட்டையை இடது தொடைக்கும் நாற்காலிப் பக்கத்துக்கும் நடுவே இடுக்கி, இடது கையால் பிடியை இழுத்து விட்டாள். அக்குளில் செருகிக்கொண்டு சுவரிலிருந்த மான் தலைக்குக் குறிவைத்தாள். பத்து எண்ணினேன், குழல் அசையவில்லை. அவள் சிரித்தாள். ஆர்வில் மூக்கை உறிஞ்சினான்.

“கடைசியா ஒண்ணு,” என்றேன். “வீட்டுக்குன்னு வாங்குற எல்லாரும் என் முன்னால செய்யணும். தூக்குறதுக்கு முன்னாடி, ஊருக்கே கேக்குற மாதிரி ‘யாரது’ன்னு கத்தணும்.”

முப்பது வருஷத்துக்கு முன்னால் என் அப்பா அதைக் கேட்காமலே சுட்டார். சமையலறைக் கதவருகே நின்றது என் தம்பி. இன்றைக்கும் நொண்டி நொண்டித்தான் நடக்கிறான்.

நீவா வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி முயன்றாள், கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது தடவை ஏதோ ஒரு முனகல்.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. எடை பார்த்தோம், நீளம் பார்த்தோம், எந்தக் கை என்று பார்த்தோம். அவளால் கேட்க முடியாது என்பதை நான் அடியோடு மறந்துவிட்டேன். எட்டு மாதமாக அவளுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கும் ஆர்வில்லுக்கே தோன்றவில்லை.

“நான் வர்றப்போ ரெண்டு ஹார்ன் அடிக்கிறேன்,” என்றான் அவசரமாக. “நான்தான்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்.”

“ஒங்க கோழிக்குத் தீனி போட வருதே, பக்கத்துப் பண்ணப் பொண்ணு? அதுவும் ஹார்ன் அடிக்குமா?”

“ஒரு மணி வாங்கிக் குடுத்தா?” என்றான் கேரி.

“மணி அடிச்சா வந்தது யாருன்னு எப்படிய்யா தெரியும்?”

நீவா கார்பைனை மேசையில், குழல் சுவரைப் பார்க்க வைத்தாள். பிடியை இழுத்துத் திறந்து, நான் செய்த மாதிரியே சுண்டுவிரலை விட்டுத் தடவினாள். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“நீவா, அப்புறம் நான் எப்படி ஒன்ன விட்டுட்டுப் போறது?” ஆர்வில்லின் குரல் உடைந்துவிட்டது.

அவள் எட்டி அவன் சட்டைப் பையில் கைவிட்டு டிரக் சாவியை எடுத்தாள். தன் மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“அங்க வந்து என்ன பண்ணப்போற? நாலு மணி நேரம் என் ரத்தம் குழாய்ல சுத்திக்கிட்டு இருக்கும். பக்கத்துல எல்லாரும் செத்தவங்க மாதிரி படுத்திருப்பாங்க. நீ என்ன அந்தக் கோலத்துல பாக்கக் கூடாதுன்னுதான்டி…”

எட்டு மாதமாக அவளைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுகிறவன் சொல்கிற பேச்சா இது! எனக்குக் கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. நீவா இடது கையால் தன் விளங்காத வலது கையைத் தூக்கினாள். அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை காலை நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவர்கள் டிரக் தெருவில் போனது. பக்கத்து இருக்கையில் நீவா, அதே உதட்டுச்சாயத்தோடு. ஹார்ன் இரண்டு தடவை அடித்தது. ஆர்வில்லின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. குறுக்கே நீண்டு அமுக்கியது அவளுடைய இடது கை.