அரிதாள் வயலில் நாய்கள்

ரோவீனா அந்தப் பண்ணையில் டிராக்டர் ஓட்டினாள். டென்சில் அறுவடை இயந்திரம். பல வருஷக் கூட்டு. பார்லிப் பயிருக்குள் முயல்குட்டி படுத்திருந்தால் அவள் இறங்கிப்போய் விரட்டிவிட்டு வரும்வரை அவன் இயந்திரத்தை நிறுத்திவைப்பான். "உன் பிள்ளைங்க இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேலி செய்வான்.

அந்தக் கோடையில் அவனே ஒரு சாயங்காலம் வந்து, முயல்கள் எங்கே அதிகம் தங்குகின்றன, காட்டு என்றான். அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வாய்க்காலோரம் அழைத்துப்போய்க் காட்டினாள். அவனும் குனிந்து, குரலைத் தாழ்த்திப் பேசியபடி கூடவே நடந்தான்.

அறுவடை முடிந்த ஞாயிறு காலை, அந்த வாய்க்காலோர வயலில் இரண்டு ஜீப்புகள் நின்றன. முயல்மேல் நாயை ஏவிப் பந்தயம் கட்டும் கும்பல். சட்டப்படி குற்றம்; அவர்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. போலீசுக்குப் போன் செய்துகொண்டே ரோவீனா ஓடினாள். அதற்குள் முடிந்துவிட்டது. அறுத்த பார்லியின் அரிதாளில் முயல்கள் கிழிபட்டுக் கிடந்தன. எடுத்துப்போகக்கூட அவர்களுக்கு மனசில்லை. கிளம்பும்போது ஒருவன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"டென்சிலைக் கேட்டதாச் சொல்லுக்கா. அவன் சொன்ன இடம் பிசகவே இல்ல."

டென்சில் கொட்டகையில் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் கேட்டதும் குழாயை மூடினான். மறுக்கவில்லை. வீட்டுக்கே வந்து மிரட்டினார்களாம். இடத்தைக் காட்டாவிட்டால் மகளுடைய குதிரை லாயம் எரியும் என்றார்களாம்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போலீசுக்குப் போவே."

"போயிருப்பேன். அந்த பயம் எனக்குப் புரியுது, டென்சில். ஆனா அன்னிக்கு என்கூட வந்து பாத்தியே, அது அவனுங்களுக்காகவா?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "வேற யாருக்குத் தெரியும், உன்னை விட்டா?"

போலீஸ்காரர் வந்ததும் ரோவீனா நடந்ததைச் சொன்னாள், அவன் பெயரையும் சேர்த்து. மாதம் முடிவதற்குள் பண்ணைக்காரர் அவனை அனுப்பிவிட்டார். முயலுக்காக மனுஷனை மாட்டிவிட்டவள் என்று மதுக்கடையில் பேசிக்கொண்டார்கள். முயல்களை அன்றே வாய்க்கால் மேட்டில் புதைத்தாகிவிட்டது. அவன் தன்னோடு குனிந்து நடந்த அந்தச் சாயங்காலத்தைத்தான் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.