குட்டி பாட்டில்களும் கோணல் பலகையும்

சனிக்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டு மாடிப்படி ஏறும்போது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் கையிலிருந்த பை கிணுகிணுவென்று சத்தம் போட்டது. கீழே கடை, மேலே வீடு. இடையில் இருக்கும் படிகளை நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர், அன்றைக்கு மட்டும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பூனைபோல நுனிக்காலில் ஏறினால் மனைவிக்குச் சந்தேகம் வராதா? வந்தது. கதவைத் திறந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு சத்தம்?"

பையைக் கொட்டச் சொன்னாள். மேசைமேல் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றும் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய பாட்டில்கள். மூடி, லேபிள், லேபிளில் தங்க எழுத்து என்று பெரிய பாட்டிலுக்கு உள்ள அத்தனை ஜம்பமும் அந்தக் குட்டிகளுக்கும் இருந்தது. எல்லாமே பர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி.

"பொம்மை வீட்ல விருந்தா?" என்றாள் அவள்.

"கிண்டல் பண்ணாத. எல்லாம் உங்க அண்ணனுக்காகத்தான்."

அண்ணன் என்ற சொல் வந்ததும் அவள் சிரிப்பு அடங்கியது. அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். தச்சர். நாளை மதியம் இந்த வீட்டுக்கு வருகிறார், பல வருடங்களுக்குப் பிறகு. அவராக வரவில்லை. 'இந்த ஞாயித்துக்கிழமை வரலைன்னா இனிமே நானும் கூப்பிட மாட்டேன்' என்று தங்கை ஃபோனில் அழுத அழுகையில்தான் சரி என்றிருக்கிறார்.

அண்ணனுக்கும் கணவருக்கும் சண்டை எதற்கு என்று கேட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கும். கூடத்துச் சுவரில் இருக்கும் ஒரு பலகைக்கு. மச்சானுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார் இவர். அதைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு ஆசையாகப் பலகை அடித்துக் கொடுத்தார் அவர். ரசமட்டம் வைத்துச் சமமா என்று பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல், எல்லாம் கண்ணளவுதான். வேலை முடிந்த சாயங்காலம், வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்திருந்த பர்பனை இருவரும் உடைத்தார்கள். மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "மாப்ள, இதுல மரவாசனை அடிக்குது. நல்ல மரம்" என்றார். புது ஓக் பீப்பாயின் உள்பக்கத்தை நெருப்பில் கருக்கி அதில் ஊறவைக்கிற சரக்கு அது. தச்சருக்குப் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழே கடைப் பலகையே ஆடியிருக்கும்.

மறுவாரம் பலகையில் வைத்த பென்சில் தானாக உருண்டு இடதுபக்கம் விழுந்தது. இவர் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா? சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், எல்லோர் காதிலும் விழும்படி, "எங்க மச்சான் அடிச்ச பலகையில பொருள் வச்சா அது தன்னால நடந்து போகும்" என்றார். மச்சானுக்கு மூக்குக்குமேல் கோபம். "பலகை கோணல் இல்ல. நீங்க போட்டுக் கொடுத்த கண்ணாடிதான் கோணல்" என்றார். "என் தொழிலைப் பத்திப் பேசாதீங்க" என்றார் இவர். "என் தொழிலைப் பத்தி மட்டும் பேசலாமா?" என்றார் அவர். அவ்வளவுதான், கிழிந்தது. அதற்குப் பிறகு விசேஷங்களில் எதிரெதிரே நின்றால்கூட முகம் கொடுத்துப் பேசியதில்லை. மச்சான் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார். அந்தச் சாய்ந்த பார்வைதான் இவருக்குப் பொறுக்காது. 'பாரு, என்னமோ நான் புழு மாதிரி, எவ்வளவு திமிரா பார்க்கிறார்' என்று வீடு வந்து சேரும்வரை பொருமுவார். நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் பேச்சுக் கேட்டவள் இவள்.

"அன்னிக்குக் குடிச்ச அதே சரக்கை நாளைக்கு வாங்கி வைக்கணும்" என்றார் இப்போது. "பேர் ஞாபகம் இல்ல. ருசி ஞாபகம் இருக்கு. கண்ணுல பட்டதுல எல்லாம் ஒரு குட்டி வாங்கிட்டேன். ருசிச்சுப் பார்த்து, இதுதான்னு தெரிஞ்சதும் பெரிய பாட்டில் வாங்கிடுவேன்."

அவள் ஒரு குட்டி பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வரிசையில் வைத்தாள். பிறகு சொன்னாள், "எனக்கு வேற எதுவும் வேணாங்க. அண்ணன் நாளைக்குப் போகும்போது சிரிச்சுக்கிட்டுப் போகணும். இந்தத் தடவையும் கெட்டுப்போச்சுன்னா இனிமே அவரைக் கூப்பிட எனக்கு முகம் இல்ல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். பேரைப் பார்த்தால் நாக்கு பேர் சொன்னதைக் கேட்கும் என்று, ஒவ்வொரு லேபிள்மேலும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டி மறைத்தாள். சிரப் பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் அளவு மூடிகளை அலமாரியிலிருந்து எடுத்து வைத்தாள்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"ஆளை விடு தாயே."

பரிசோதனை ஆரம்பமானது. இந்த மனிதருக்கு உலகத்தில் எதையும் சோதிக்க ஒரே ஒரு வழிதான் தெரியும், கடையில் கண் சோதிக்கிற வழி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டு ரெண்டா கொடு. இது தெளிவா, அது தெளிவான்னு கேளு" என்றார். அவள் இரண்டு மூடிகளை நீட்டினாள். "ஒண்ணு... ரெண்டு... எது தெளிவு?" முதலாவது கொஞ்சம் காரம், இரண்டாவது கொஞ்சம் தேன். இரண்டாவது தெளிவு. அடுத்தது. இதில் வெல்லப்பாகு வாசனை, அதில் தீய்ந்த மர வாசனை. மறுபடி இரண்டாவது தெளிவு. போகப் போக அவர் முகத்தில் ஒரு ஞானக்களை வந்து உட்கார்ந்தது. காதும் சிவந்தது.

கடைசியாக ஒரு ஜோடி கொடுத்தாள். இரண்டையும் ருசித்தார். நாக்கைச் சுழற்றினார். நெற்றியைச் சுருக்கினார். "சந்தேகமே இல்ல. ரெண்டாவதுதான். முதலாவது சும்மா தண்ணி. ரெண்டாவதுல அன்னிக்கு இருந்த அந்த மரம் அப்படியே இருக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"என்ன?"

"ரெண்டும் ஒரே பாட்டில்லேர்ந்து ஊத்தினதுங்க."

"ஏமாத்துறியா?"

"நீங்க கடையில பண்றதுதானே? ஒரே லென்ஸை ரெண்டு தடவை காட்டி, வர்றவங்க நிஜமாப் பார்த்துச் சொல்றாங்களா, வாய்க்கு வந்ததச் சொல்றாங்களான்னு சோதிப்பீங்களே."

அவர் முகத்தில் அசடு வழிந்தது. திருப்பித் திருப்பிச் சோதித்தும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பாட்டில் ஜெயித்தது. பெரிய பாட்டில் எதையும் வாங்கவில்லை. மிச்சமிருந்த குட்டிகளைப் பிளாஸ்திரியோடு அந்தக் கோணல் பலகையில் அடுக்கினார்கள். வைத்த பொருள் இடதுபக்கம் நகராமலிருக்க, மடித்த அட்டை ஒன்று எப்போதும் அங்கே செருகி இருக்கும்.

ஞாயிறு மதியம் மச்சான் வந்தார். "வாங்க" என்றார் இவர். "ம்" என்றார் அவர். தங்கையின் தலையைத் தொட்டுவிட்டு நாற்காலி நுனியில், இப்போதே எழுந்து போய்விடுபவர்போல உட்கார்ந்தார். வெயில் பேசினார்கள். மழை பேசினார்கள். பேச வேறு வானிலை மிச்சமில்லை. சமையலறை வாசலில் நின்ற அவள் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிக்கொண்டிருந்தாள்.

இவர்தான் எழுந்தார். குட்டி பாட்டில்களை ஒரு தட்டில் எடுத்து வந்து மச்சான் முன்னால் வைத்தார்.

"அன்னிக்கு நாம குடிச்சோமே, மரவாசனைன்னு சொன்னீங்களே, அதைக் கண்டுபிடிச்சு வைக்கலாம்னு பார்த்தேன். எனக்குத் தெரியல மச்சான். நீங்களே பாருங்க."

மச்சான் என்று கூப்பிட்டுவிட்டார். பல வருடங்களுக்குப் பிறகு.

தச்சர் ஒரு பாட்டிலை எடுத்தார். பிளாஸ்திரியை உரித்தார். குட்டி லேபிளில் எழுத்து எறும்பு வரிசைமாதிரி இருந்தது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

அதே சாய்ந்த பார்வை! இவர் ஆசையாக வாங்கி வைத்த பாட்டிலைக்கூட இப்படித்தான் பார்ப்பாரா? நாக்கு நுனிவரை ஒரு சொல் வந்துவிட்டது. மனைவியைப் பார்த்தார். 'வேண்டாங்க' என்று அவள் கண் கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லை விழுங்கினார். விழுங்கிக்கொண்டே மச்சானின் முகத்தைப் பார்த்தபோதுதான் காதோரத்தில், கண்ணாடிச் சட்டத்தில் இருந்த ஒரு திருகாணி கண்ணில் பட்டது. வலதுபக்கக் கீலில் மட்டும் வேறு நிறத் திருகாணி. அன்றைக்குக் கடையில் அதே நிறம் இல்லாமல், இவரே தன் கையால் மாட்டியது.

"மச்சான், இது... நான் போட்டுக் கொடுத்ததா?"

"பின்ன?"

"இன்னுமா இதைப் போட்டிருக்கீங்க? கோணல்னு சொன்னீங்களே?"

"கோணல்தான். பழகிருச்சு."

"கொஞ்சம் கழட்டுங்க."

வாங்கிக்கொண்டு தடதடவென்று கீழே ஓடினார். கடையைத் திறந்து, லென்ஸ் பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்தார். சிலருடைய கண்ணுக்கு லென்ஸைச் சரியான கோணத்தில் திருப்பி ஃபிரேமில் உட்கார வைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் நேர்கோடு சாய்ந்து தெரியும். பார்ப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, தலையைச் சாய்த்து அதைச் சரிக்கட்டிக்கொள்வார். வலதுபக்க லென்ஸ் நன்றாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யாத பிழை. இத்தனை வருடமும் இவர் திமிர் என்று பொருமிக்கொண்டிருந்தது, இவர் கையால் செய்த கோளாறு. அவருக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது.

சோதனை ஃபிரேமையும் லென்ஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

"தப்பு என்மேலதான் மச்சான். லென்ஸ் திரும்பியிருக்கு. அன்னிக்கே நீங்க சொன்னது சரி. எல்லார் முன்னாடியும் உங்களைப் பேசினேன். மன்னிச்சிடுங்க."

தச்சர் கையிலிருந்த குட்டி பாட்டிலையே உருட்டினார். "அட, விடுங்க மாப்ள."

"வேற கடைக்குப் போய் மாத்தியிருக்கலாமே? இவ்வளவு வருஷமா ஏன் கஷ்டப்பட்டீங்க?"

"வேற கடைக்குப் போனா அவன் கேட்பான், இதை யார் போட்டதுன்னு. உங்க பேரைச் சொல்லணும்." தச்சர் பாட்டிலைத் தட்டில் வைத்தார். "உங்களை உங்க மூஞ்சிக்கு நேரா திட்டுவேன். வெளியாள்கிட்ட விட்டுக்கொடுக்க முடியுமா?"

சமையலறை வாசலில் முந்தானை கண்ணுக்குப் போனது.

கண்ணாடிக்கடைக்காரர் சோதனை ஃபிரேமை மச்சான் மூக்கில் மாட்டினார். லென்ஸைச் செருகினார். மெதுவாகத் திருப்பினார். எழுத்து அட்டைக்குப் பதில் தங்கை ஒரு குட்டி பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"இது தெளிவா, இது தெளிவா?"

"ரெண்டாவது."

"வாய்க்கு வந்ததச் சொல்லாதண்ணே. இந்த வீட்ல ஒருத்தர் அப்படித்தான் சொல்லி மாட்டிக்கிட்டார்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நிஜமாத்தான். அடிவரி வரைக்கும் தெரியுது. குடிச்சா உடம்புக்குக் கெடுதின்னு போட்டிருக்கு."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். தச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார், தலை நேராக. கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பார்வை சுவரில் போய் நின்றது. சிரிப்பு போய்விட்டது.

"மாப்ள, பலகை இடதுபக்கம் இறங்கியிருக்கே."

கண்ணாடிக்கடைக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சும்மா இருந்தார்.

தச்சர் எழுந்து போய் பலகையைத் தடவினார். செருகியிருந்த அட்டையை உருவிப் பார்த்தார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. "வேற ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணியிருக்கலாமே?"

"வெளியாள் கேட்பானே மச்சான், இதை யார் அடிச்சதுன்னு."

தச்சர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றார். தோள் மட்டும் கொஞ்சம் ஆடியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. திரும்பியபோது இரண்டும்தான் என்று தெரிந்தது.

பிறகு அளவு மூடிகள் வந்தன. தச்சர் ஒவ்வொரு குட்டியாகத் திறந்து முகர்ந்தார், ஒவ்வொரு சொட்டாக நாக்கில் விட்டார், உதட்டைப் பிதுக்கினார். "எல்லாத்திலயும் மரம் இருக்கு. ஆனா அன்னிக்குக் குடிச்சது இதுல எதுவும் இல்ல மாப்ள. கடையில இன்னும் குட்டி பாட்டில் இருக்குமா?"

"நிறைய இருக்கு. வாரம் ஒண்ணு பார்க்கலாம்."

"சரி, அடுத்த ஞாயிறு சாமானோட வர்றேன். இந்தப் பலகையைக் கழட்டி ஒரே மணி நேரத்துல நேரா மாட்டிடுறேன். இந்தத் தடவை ரசமட்டம் வச்சு."

"ஒரே மணி நேரத்துலயா?" தங்கை அவசரமாகக் குறுக்கிட்டாள். "வேணாம்ண்ணே. வாரா வாரம் வந்து ஒரு ஆணி அடிச்சா போதும்."