மழைத்திரையில் ஒரு ஜன்னல்

சனிக்கிழமை பிற்பகல் அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோர மேசையில், பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவர். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் அவர் மனைவி. வண்டிகளுக்கு சீட் உறை தைப்பவள். கட்டில் விளிம்பில் குமாஸ்தாவின் தங்கை, மழைக்கோட்டு மாட்டிப் புறப்படத் தயாராக. வாசற்படியில், கவிழ்த்த வாளியின்மேல், மனைவியின் தம்பியான மெக்கானிக். வாசலுக்கு வெளியே மழையில் நின்ற ஸ்கூட்டரையும் சேர்த்தால் ஐந்து.

கடிதம் பரிசோதனைக் கூடத்து மேலாளருக்கு. தங்கை ஐந்து கிளினிக்குகளிலிருந்து ரத்த மாதிரிகளையும் அவற்றுக்கான சீட்டுகளையும் ஸ்கூட்டரின் பின்பெட்டியில் வைத்து அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவள். இந்த மழையில் இரண்டு முறை சீட்டுகள் நனைந்து எழுத்து கரைந்து, நோயாளிகளை மறுபடி கூப்பிட்டு ஊசி குத்த வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் பையில் கட்டிப் பார்த்தாள். ஐந்து இடத்தில் பிரித்துக் கட்டுவதற்குள் பைக்குள்ளேயே மழை பெய்தது. திங்கட்கிழமை முதல் வேன் வைக்கப்போவதாக மேலாளர் சொல்லிவிட்டார். இனி நனையாது என்று எழுத்தில் காட்டினால் யோசிக்கிறேன் என்று ஒரு கதவை மட்டும் ஒருக்களித்து வைத்திருந்தார்.

வேலை போகுமே என்று தங்கை அழவில்லை. அண்ணியிடம் வந்து சாவியை நீட்டினாள், அவ்வளவுதான். அண்ணி ஸ்கூட்டரை இரண்டு முறை சுற்றி வந்து, சட்டைக்கு அளவெடுப்பதுபோல் நாடாவால் அளந்தாள். மெக்கானிக் குழாயை வளைத்துச் சட்டம் செய்து கொடுத்தான். முன்னால் கண்ணாடி போன்ற கெட்டி ஷீட், தலைக்கு மேல் தார்ப்பாய்க் கூரை, கூரையின் வால் பின்பெட்டியைத் தாண்டி ஒரு முழம். காலுக்கும் ஒரு மறைப்பு.

“வண்டிக்குப் பாவாடையும் தைச்சாச்சு, ரவிக்கை எப்பக்கா?” என்றான் மெக்கானிக்.

“உன் வாய்க்கு ஒரு மூடி தைச்சுட்டு அப்புறம் தைக்கிறேன்.”

சோதனைப் பொறுப்பைக் குமாஸ்தா ஏற்றுக்கொண்டார். எதையும் முறைப்படி செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, தங்கையை மேலே உட்காரவைத்து, தோட்டக் குழாயால் நான்கு திசையிலிருந்தும் பத்துப் பத்து நிமிடம் தண்ணீர் அடித்தார். நோட்டில் கட்டம் போட்டு நான்கு கட்டத்திலும் ‘நனையவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

மறுநாள் மழையில் வெறும் சீட்டுகளோடு ஓட்டிப் பார்த்த தங்கை திரும்பி வந்தபோது முன்பக்கம் காய்ந்த அப்பளம், பின்பக்கம் ஊறிய பஞ்சு. பெட்டிக்குள் சீட்டுகள் கூழ்.

“மாமா, உங்க கட்டத்துல முதுகுக்குன்னு ஒரு கட்டம் இல்லையா?” என்று மெக்கானிக் கேட்டான். குமாஸ்தா நோட்டை மூடி மேசைக்குள் வைத்தார். நின்ற வண்டிக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காற்றுக்கு வேலி போட முடியுமா, இதோடு விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தார்.

மனைவி நினைக்கவில்லை. மிச்ச நூல்களை விரல் நீளத்துக்கு வெட்டினாள். ஷீட்டில், கூரையில், பெட்டி மூடியில், தங்கையின் முதுகில் என்று முப்பது இடத்தில் சிவப்பு நூலை ஒட்டினாள். தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நாத்தனாரை முன்னால் ஓட்டச் சொல்லிப் பின்தொடர்ந்தாள். கூரை நூல்களெல்லாம் பின்னோக்கிப் பறந்தன. முதுகில் இருந்தவை மட்டும் முன்னோக்கிப் படபடத்தன. முன்னால் காற்றை முழுக்க அடைத்துவிட்டதால் உள்ளே வெற்றிடமாகி, பின்னாலிருந்து காற்று மழையையும் இழுத்துக்கொண்டு உள்ளே வருகிறது. நூல் சொல்லிவிட்டது.

அன்று மாலையே, யாரையும் கேட்காமல், பார்த்துப் பார்த்துச் செய்த அந்த ஷீட்டின் அடிப்பகுதியில் கத்தரி வைத்தாள். ஒரு சாண் அகலத்துக்கு ஜன்னல் வெட்டி, அதன்மேல் சட்டைப்பை மூடிபோல் ஒரு துண்டைத் தைத்தாள். காற்று கீழிருந்து ஏறி உள்ளே வரலாம். மழைக்கு ஏறத் தெரியாது. அடுத்த ஓட்டத்தில் முதுகு நூல்கள் அப்படியே படுத்துக்கிடந்தன. மூன்று நாள் விடாத மழையில் ஐந்து கிளினிக்கும் சுற்றி வந்தும், பெட்டிக்குள் மையால் எழுதிவைத்த சீட்டு ஒன்றுகூடக் கரையவில்லை. மெக்கானிக் அன்றிலிருந்து கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த ஜன்னலைக் காட்டிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் குமாஸ்தா வரிசை எண் போட்டு எழுதினார். குழாய்த் தண்ணீர் சோதனைக்கு வந்ததும் பேனா நின்றது.

“இது வேண்டாம்னு தோணுது. தோத்த கதையை எதுக்கு அவருக்குச் சொல்லணும்?”

“எழுதுங்க,” என்றாள் மனைவி. “முழங்கால் இன்னும் நனையுதுன்னும் எழுதுங்க. பெட்டி நனையலைன்னு அப்பத்தான் நம்புவாரு.”

எழுதினார். தங்கை எழுந்து, முகவரி எழுத அவருடைய மழைக்காலப் பால்பாயிண்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையையும் எடுத்து நீட்டினாள். குமாஸ்தா இரண்டையும் வாங்கி மேசைக்குள், அந்த நோட்டின்மேல் போட்டார். ஒரு சொட்டு பட்டாலே அழுதுவிடும் நீல மைப் பேனாவால், சாதாரணக் காகித உறையில் முகவரி எழுதினார்.

“அண்ணே, மழை எப்படிக் கொட்டுது பாரு.”

“அதான். இது எப்படிப் போய்ச் சேருதோ அதுதான் கடிதம். உள்ள இருக்கறது சும்மா விவரம்.”

மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பசைக் குப்பியை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் உறையை ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் நீவி, தங்கையிடம் கொடுத்தார். அவள் கூரையின் வாலுக்கடியில் நின்று பெட்டியைத் திறந்து, அன்று திரட்டியிருந்த மாதிரிகளுக்குமேல் அதை வைத்து மூடினாள். மெக்கானிக் வாளியோடு நகர்ந்து வழிவிட்டான். ஸ்கூட்டர் மழைக்குள் இறங்கித் திரும்பியபோது, எடுக்க மறந்த ஒரு சிவப்பு நூல் பெட்டி மூடியில் அசையாமல் படுத்திருந்தது.