அப்பளம் வைத்த ஒப்பாரி

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஐப்பசி வெள்ளம் வடிந்த பிறகு, கல்லிடைக்குறிச்சியில் இசக்கித்தாய் தேய்த்த அப்பளங்கள் எண்ணெயில் விழுந்ததும் அழத் தொடங்கின. அந்த வருடம் உளுந்து விலையும் ஏறியிருந்தது. ஊர் உளுந்தைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

அவள் மகள் முத்துராணியை வெள்ளம் படித்துறையிலிருந்து கொண்டுபோயிருந்தது. உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காமல் ஒப்பாரி வைக்கக் கூடாது, வைத்தால் எங்கேயாவது உயிரோடு ஒதுங்கியிருக்கிற பிள்ளையும் திரும்பாது என்று தெரு தீர்ப்புச் சொன்னது. ஆற்றில் இறங்கித் தேட முழங்கால் வலித்த அத்தனை பேருக்கும் தீர்ப்புச் சொல்ல மட்டும் வாய் வலிக்கவில்லை. இசக்கித்தாய் அழுகையை விழுங்கிக்கொண்டு ராமசுப்புவின் அப்பள டிப்போவுக்கு வேலைக்குப் போனாள். பிரண்டைச் சாறு விட்டு மாவை இடித்தாள், உருட்டினாள், தேய்த்தாள். விழுங்கியது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். மாவுக்குள் போனது.

கார்த்திகையில் ஒரு கல்யாணப் பந்தியில், இலைக்கு வந்த பிறகும் அப்பளங்கள் ஓயவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று எழுந்தார்கள். பாயசம் வருகிறது என்றதும் உட்கார்ந்தார்கள். ராமசுப்பு அவளைக் கூப்பிட்டார். முத்துராணி போனதற்கு அவர் காட்டிய இரக்கம் அரை நாள் லீவு. அதையும் ஞாயிற்றுக்கிழமையில் கொடுத்திருந்தார்.

“நீ அழு, வேண்டாங்கல. என் சரக்கு ஏன் அழணும்?” என்று கேட்டு வேலையிலிருந்து நிறுத்தினார்.

கை சும்மா இருந்தால் அவள் தொண்டை அடைத்தே செத்துப்போவாள் என்பது கூட வேலைபார்த்த மாரிக்கண்ணுவுக்கு மட்டும் தெரிந்தது. ஒரு மரக்கால் உளுந்து மாவைத் தூக்கிக்கொண்டு இசக்கித்தாயின் வீட்டுக்கு வந்தாள்.

“ஏட்டி, தேயி. அழுதா அழட்டும். ஆரு கேக்கா?”

பைய மற்ற பெண்களும் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஏதோ ஒன்றை விழுங்கியிருந்தாள்: குடிகாரனின் அடி, கலைந்த கரு, பம்பாய் போய்க் கடிதமே போடாத புருஷன். பொரித்தபோது அப்பளங்கள் ஆளுக்கொரு பக்கம் ஊளையிட்டன.

“சகிக்கலியே. ஒரு மெட்டாவது வேண்டாமாட்டி?” என்றாள் இசக்கித்தாய். வெள்ளத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

மெட்டுக் கட்டினார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள், மாவு இடிக்கிற உலக்கை தாளம் போட்டது. முத்துராணியின் ரிப்பன், படித்துறையில் கிடந்த அவள் செருப்பு எல்லாம் பாட்டின் அடிகளாயின. அடுத்த ஆடிக்குள் அப்பளங்கள் சுருதி தப்பாமல் பாடின.

ஒப்பாரி கூடாது என்ற அதே தெரு இப்போது வரிசையில் நின்று வாங்கியது. அதற்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததாக யாரும் பார்த்ததில்லை. ராமசுப்பு, பாட்டுச் சொல்லிக்கொடுத்ததே தாம்தான் என்று திருநெல்வேலி வரை சொல்லித் திரிந்தார். தம் டிப்போ சரக்கையும் பாடவைக்கக் கச்சேரி பாகவதர் ஒருவரைக் கூட்டிவந்து மாவுக்கு முன்னால் பாடச்சொன்னார். அந்த அப்பளங்கள் இருமின.

தொண்ணூற்றெட்டு வாக்கில், பாட்டு முடியும்வரை அப்பளத்தை நொறுக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்துப் பந்திகளில் வழக்கமாகிவிட்டது. ரசம் ஆறினாலும் காத்திருப்பார்கள். இசக்கித்தாய் மட்டும் மகளின் பெயர் வருகிற அடி வரை தலையைச் சாய்த்துக் கேட்பாள். பெயர் வந்ததும் அப்பளத்தை உடைத்துச் சோற்றோடு பிசைந்துகொள்வாள். பக்கத்து இலைக்காரர்கள் முறைத்தால், “மிச்சம் எனக்குத் தெரியும்லா” என்பாள். பிறகு மோர் கேட்பாள்.