இடுப்பில் மூன்று கோடு

மஞ்சள் தண்ணீர் வாளியைப் பின்வாசல் நிலைப்படியில் வைத்துவிட்டு, மீனாட்சியம்மாள் வழிமறித்து நின்றாள்.

"ஆசுபத்திரித் தீட்டோட உள்ள கேறாண்டாம் மைனி. நாளைக்கு உங்க மக ஆதிராவுக்கு நிச்சயம். பயறு மாவு போட்டு மேலு நல்லா தேச்சுக் குளிச்சிட்டு வாங்க."

தாணம்மாளின் கை தானாக இடுப்புச் சேலையை அழுத்திக்கொண்டது. அதற்கடியில் மூன்று ஊதா மைக்கோடுகள். ஆசுபத்திரியில் கதிர்வீச்சு வைக்கும் ஜாஸ்மி வரைந்தவை. அந்தப் பெண் முதல் நாளே பொறுமையாகச் சொல்லியிருந்தாள். கருப்பை வாயில் பிறந்த புற்று, இடுப்புக்குள் ரத்தக்குழாயை ஒட்டிப் பயறுமணி போல் கிடக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் போய்விட்டது. கதிர் கண்ணுக்குத் தெரியாது. சுவரிலிருந்து வரும் ஒளிக்கோடு இந்த மைக்கோட்டின் மேல் படிந்தால்தான் படுத்த இடம் சரி. ஒரு விரற்கடை விலகினால் கணு தப்பிக்கும், குடல் புண்ணாகும். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும், நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே ஒதுக்கும் என்பதால்தான். தண்ணீர் ஊற்றலாம், தேய்க்கக் கூடாது. கோடு அழிந்தால் மறுபடி ஸ்கேன், மறுபடி அளவு. நாள் தள்ளிப்போனால் புற்று தலைதூக்கும். இருபத்தைந்தில் பத்தொன்பது நாள் முடிந்திருந்தது.

இதையெல்லாம் தாணம்மாள் நாத்தனாருக்குச் சொல்லிப் பார்த்தாள்.

"கோடு போனா வேற வரஞ்சுக்கலாம். தீட்டுல நிச்சயம் நடந்தா பிள்ளைக்க வாழ்க்கைய வேற வரைய முடியுமா?"

தாணம்மாளுக்கு மாதவிலக்கு நின்று ஆறு வருடம் கழித்து ரத்தம் பட்டபோதும் இதே வாளிதான். இதே மஞ்சள்தான். டாக்டர் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

"எட்டு மாசம் நீ சொன்னபடி தேச்சுத் தேச்சுக் குளிச்சேன் மீனாட்சி," தாணம்மாள் குரலை உயர்த்தவில்லை. "அந்த எட்டு மாசத்துலதான் இது கணுவுக்குப் போச்சு."

மீனாட்சியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் காதில் விழுமோ என்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மைனி," என்றாள் மெதுவாக. "மூணு மாசமா நானும் ரெண்டு நேரம் மஞ்சத் தண்ணியில தேச்சுக் குளிக்கேன்."

தாணம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு வாளியைத் தூக்கித் தென்னை மூட்டில் கவிழ்த்தாள். நிலைப்படி தாண்டி உள்ளே ஏறினாள். மீனாட்சியம்மாள் விலகி வழி விட்டாள்.

"நாளைக்கு ஏழரை பஸ்ஸுக்கு எங்கூட ஆசுபத்திரிக்கு வா."

"நாளைக்கு நிச்சயம்லா மைனி?"

"தீட்டுக்காரி ரெண்டு பேரு இல்லேன்னா நல்லா சுத்தமா நடக்கும்."