அறுபத்தோராம் பக்கம்

நாலு மணிக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். மாவட்டப் பள்ளிகளுக்கு அடுத்த ஐந்து வருடத்துக்கான அறிவியல் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தலைமையாசிரியர், கணக்கு வாத்தியார், நான் என மூன்று பேர். ஆளுக்கு நாலு மாதிரிப் புத்தகம் அனுப்பியிருந்தார்கள். படித்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க் போட வேண்டும்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் புத்தகத்துக்கு மற்ற இருவரும் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள்.

"அறுபத்தோராம் பக்கத்தைப் பாத்தீங்களா? லென்ஸ் வழியா சூரியனைப் பாக்கச் சொல்லுது. பிள்ளைங்க கண்ணு என்னாகும்?" என்றேன்.

தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"புரட்டிக்கூடப் பாக்காம கண்ணை மூடிக்கிட்டு மார்க் போட்டிருக்கீங்க. வெக்கமா இல்ல?" என் குரல் வராந்தா வரை போயிருக்கும். உட்கார முடியாமல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன்.

தலைமையாசிரியர் தன் பத்தை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். அதைப் பார்த்துக் கணக்கு வாத்தியாரும் பூஜ்யம் போட்டார். பிறகு என் புத்தகக் கட்டைத் தன் பக்கம் இழுத்து, அடியில் கிடந்த நாலாவது புத்தகத்தை உருவினார். அதன் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் பளபளத்தது.

"இதுக்கு ஒன்பது போட்டிருக்கீங்க டீச்சர்," என்றார் அமைதியாக. "அந்த ஒரு மார்க்கை எதுக்குக் கொறச்சீங்க?"